உழைச்செல்வாள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பாகிய உரையின் எழுத்து வடிவம்)



திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. பள்ளிக்கூடங்களில் இவ்வதிகாரத்தைப் படிப்பிக்கும்பொழுது, அளவறிந்து உண்ணுதல், நோயின் காரணத்தை நாடுதல் ஆகியவற்றை நன்றாக விளக்குவோம். கடைசிக் குறளுக்கு வரும்போது பெரும்பாலும் மணி அடித்துவிடும். ஆனால் அந்தக் கடைசிக் குறள், 950ஆம் குறள், ஒரு பெரிய விடயத்தைச் சொல்கிறது. வைத்தியம் என்பது நான்கு கூறுகளை உடையது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக ஒருவனும் அங்கே நிற்கிறான். அவனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் உழைச்செல்வான்.

'உழை' என்றால் பக்கம். பக்கத்தில் நின்று இயங்குபவன் உழைச்செல்வான். மருந்தைப் பிழையில்லாமல் இயற்றுபவன் என்பது பரிமேலழகர் கருத்து. நான்கு கூறுக்கும் நந்நான்கு இயல்புகள் வேண்டும் என்று வகுத்துக்கொண்டு போகும் அவர், உழைச்செல்வானுக்கு உரியவையாகக் கூறுபவை: நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய் ஆகியவற்றின் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வல்லமை, அறிவு. அருமையான பட்டியல்தான். ஆனாலும், அந்த உழைச்செல்வான் எப்பொழுது நித்திரை கொள்வான் என்பது பற்றி உரையாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று. 'செல்வான்' என்பது ஆண்பால். எங்கள் வீடுகளிலே அந்த இடத்தில் நிற்பவள் மனைவி, மகள், அல்லது மருமகள். இன்றைய உரைக்கு 'உழைச்செல்வாள்' என்று பெயரிட்டது அதனாலேதான். இலக்கணக்காரர் பொறுத்துக்கொள்வார்களாக.

நான் பேச எடுத்துக்கொண்டது பார்க்கின்சன் நோய். எம்மவர் நடுக்குவாதம் என்பர். ஆயுர்வேதத்தில் இதனோடு ஒத்ததைக் கம்பவாதம் என்பர். இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டு ஒரு சிறு நூல் எழுதினார். ஆறே ஆறு நோயாளிகள். அவர்களுள்ளும் சிலர் அவர் வீதியிலே கண்டவர்கள். குனிந்த உடல், ஓய்ந்திருக்கும்போது ஆடும் கை, விழுந்துவிடுவார் போல விரையும் குறுநடை எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தே எழுதினார். ஒருவர் தெருவிலே நடப்பதைப் பார்த்து அவருள்ளே நடப்பதை ஊகித்தமை, என்னைப் போன்ற தமிழ் வாத்தியாருக்கு ஒரு நல்ல கவிஞனின் வேலையாகவே தோன்றுகிறது.

உள்ளே நடப்பது இதுதான். மூளையின் அடிப்புறத்திலே கருமை நிறமான ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள கலங்கள் டொபமின் என்னும் இரசாயனத்தைச் சுரக்கின்றன. நாம் எண்ணாமலே கை வீசி நடக்கவும், இமைக்கவும், சிரிக்கவும் அது வேண்டும். அந்தக் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. நடுக்கம் வெளியே தெரியும்பொழுது அவற்றின் பெரும் பகுதி போய்விட்டிருக்கும். 1960களிலே லெவோடோபா என்னும் மருந்து வந்தது. மூளைக்குள் சென்று டொபமினாக மாறுவது அது. இன்றுவரை முதன்மையான மருந்தும் அதுவே. எங்கள் வேலியோரத்துப் பூனைக்காலி விதையிலே இதே பொருள் இருப்பதை 1937இல் தாமோதரன், ராமசாமி என்னும் இந்திய ஆய்வாளர் இருவர் பிரித்தெடுத்துக் காட்டினர். அதைக் கேள்விப்பட்டு, குளிசையோடு பூனைக்காலித் தூளையும் சேர்த்துக் கொடுப்பவர்கள் உளர். ஒரே பொருள் இரு வழியால் கணக்கின்றி உடம்பிற் சேரும். வைத்தியருக்குச் சொல்லாமல் அதனைச் செய்தலாகாது.

என் தகப்பனாருக்கு இந்நோய் உண்டென்று 2014ஆம் ஆண்டிலே உறுதியாயிற்று. அவர் உப தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களூர்க் கோயிலின் உபயக் கணக்கையும் எழுதி வந்தார். மாணவர் கொப்பி திருத்திப் பழகிய கண் எனக்கு. அந்த ஆண்டுக் கணக்குக் கொப்பியிலே ஒவ்வொரு வரியும் பெரிய எழுத்தில் தொடங்கி, வலப்பக்கம் போகப்போகக் கடுகு போலச் சிறுத்து முடிவதைக் கண்டேன். ழகரமும் றகரமும் ஒன்றுபோலவே கிடந்தன. வைத்தியரிடம் அந்தக் கொப்பியையே கொண்டுபோய்க் காட்டினோம். எழுத்துச் சிறுத்தல் இந்நோயின் நன்கறிந்த குறி என்று அவர் சொன்னார். கற்பூர வாசனை ஐயாவுக்குத் தெரியாமற் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன, அதுவும் குறிதானாம்.

எழுத்தோடு கையொப்பமும் சிறுத்தது. ஒரு வங்கிக் கிளையிலே, ஓய்வூதியம் எடுக்கப் போன ஐயாவை, இது உங்கள் கையொப்பமே அல்ல என்று திருப்பி அனுப்பினார்கள். முப்பது வருடம் பிறருடைய கையொப்பங்களை ஒப்பிட்டுப் பார்த்துக் காசு எண்ணிக் கொடுத்த மனிதர் அவர். அன்றைக்கு அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. கையடையாளத்துக்கு மாற்றும் காரியத்தை அம்மாதான் அலைந்து முடித்தார். இப்படியான நோயாளியின் வீட்டார் இந்தக் கடதாசி வேலைகளை, கை ஓரளவு வழங்கும்போதே செய்துவைப்பது நல்லது.

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலை நேயர்கள் அறிவீர்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு. உள்ளத்திலே நிகழ்வது உடம்பிலே தோன்றும்; அதைக் கண்டு பிறர் உணர்வர். இந்தச் சங்கிலியை அறுத்துவிடுவதே பார்க்கின்சன் நோயின் மிகக் கொடிய காரியம் என்பேன். உவகை உள்ளே இருக்கும். முகத்துத் தசைகள் அதைக் காட்டமாட்டா. பேரப்பிள்ளை மடியிலே ஏறினாலும் முகம் கல்லுப்போல இருக்கும். பார்க்க வந்தவர்கள், 'ஐயாவுக்கு எங்களிலை கோவமாக்கும்' என்று எண்ணிக்கொண்டு எழும்பிப் போய்விடுவர். பிறகு வருவதும் குறையும். சிலர், அறிவே மங்கிவிட்டதென்று முடிவுகட்டி, அவருக்கு முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசுவர். அப்பொழுது அம்மா இடையிலே புகுவார். 'அவருக்குச் சந்தோசம். கண்ணைப் பாருங்கோ, தெரியும்' என்பார். உரையாசிரியர் இல்லாவிட்டால் சில பழம் பாட்டுகள் எங்களுக்கு விளங்கமாட்டா அல்லவா? அம்மாவின் வேலை அதுதான்.

நடையிலே ஒரு புதுமை உண்டு. வெளி முற்றத்தில் நடந்து வருபவர் வாசல் நிலைக்கு வந்ததும், நிலத்திலே ஆணி அடித்ததுபோல நின்றுவிடுவார். தள்ளினால் விழுவார், இழுத்தாலும் விழுவார். உள்ளிருந்து வரும் நடைக் கட்டளை தடைப்படுகிறது. ஆனால் கண்ணோ காதோ வழியாக வெளியிலிருந்து ஒரு குறிப்புக் கொடுத்தால், மூளை வேறு பாதையாலே காலை எடுக்கவைக்கிறது. வைத்தியசாலையில் உடற்பயிற்சிச் சிகிச்சை செய்பவர் இதனைச் சொல்லித்தர, நான் வெண்கட்டியால் கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை ஒரு சாண் இடைவெளிக்குக் குறுக்குக்கோடுகள் கீறிவிட்டேன். ஐயா ஒவ்வொரு கோட்டையும் கடந்து கடந்து போனார். கோடு இல்லாத இடத்திலே அம்மாவின் குரல்: 'இஞ்சாருங்கோ, ஒண்டு, ரெண்டு, காலைத் தூக்கி வையுங்கோ.' தேவாரத்தை மெல்லிய தாளத்தோடு பாடினால் இன்னும் நன்றாக நடப்பார். இதே காரணத்தினாலேதான் நியூயோர்க் நகரின் புறூக்கிளினில் 2001ஆம் ஆண்டு தொடக்கம் மார்க் மொரிஸ் நடனக் குழுவினர் இந்நோயாளருக்கு நடன வகுப்பு நடத்தி வருகின்றனர். எங்கள் அம்மா அதைக் கேள்விப்பட்டதில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். லெவோடோபாவும் புரதமும் குடலிலே ஒரே வாசலால் உட்செல்லப் போட்டியிடுவன. ஆகையால் குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திக் கொடுப்பது வழக்கம். சிலருக்குப் பருப்பு, மீன் போன்றவற்றை இராச் சாப்பாட்டுக்குத் தள்ளிவைக்கச் சொல்வர். விழுங்குவது கடினமானால் தெளிந்த தேநீர்தான் அதிகம் புரையேறும். கட்டியான கஞ்சி இலகுவாக இறங்கும். எங்கள் ஒடியற் கூழ் ஆபத்தானது. திரவமும் துண்டுகளும் கலந்து வருவதை அந்தத் தொண்டையால் சமாளிக்க இயலாது. ஐயாவுக்கு மிகப் பிடித்த சாப்பாடு அதுவே. அம்மா கூழை வடித்து, அரைத்து, தடிப்பாக்கி ஒரு கோப்பையில் கொடுப்பார். ஐயா குடித்துவிட்டு, 'இது கூழில்லை' என்பார். ஆனாலும் கோப்பை வெறுமையாகும்.

குளிசையின் நேரம் தவறக்கூடாது. காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6 என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. கால் மணித்தியாலம் பிந்தினால் எழுந்திருக்க மாட்டார். வேறொரு வருத்தத்துக்காக ஒரு வைத்தியசாலையிலே ஐயாவை மறித்தபோது, விடுதியிலே எல்லாருக்கும் மருந்து கொடுக்கும் நேரத்திலேதான் இவருக்கும் கொடுப்போம் என்றார்கள். இரண்டாம் நாள் அவர் பலகையாகக் கிடந்தார். வாந்திக்குக் கொடுக்கும் மெற்றோகுளோபிரமைட் என்னும் மருந்தும் இந்நோயாளருக்கு ஆகாது. டொபமினின் வேலையை அது தடுக்கும். குளிசையைத் திடீரென நிறுத்துவதும் பெரும் ஆபத்து. 2022ஆம் ஆண்டு நாட்டிலே மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, நாங்கள் பட்டணத்துப் பாமசிகள் முழுவதும் சைக்கிளில் அலைந்தது இதனாலேதான். எங்கே போனாலும் மருந்தின் பெயரும் அளவும் நேரமும் எழுதிய ஒரு துண்டை அம்மா சேலைத் தலைப்பிலே முடிந்து வைத்திருப்பார்.

இரவுகள் வேறு வகை. கனவிலே அடிபட்டுக் கத்துவார். சில இரவுகளில் அறை மூலையிலே சின்னப் பிள்ளைகள் வந்து இருக்கிறார்கள் என்பார். நோயினாலும் மருந்தினாலும் வரும் மாயத்தோற்றம் இது. திடீரென்று மிகுந்தால் சலத்திலே கிருமி உண்டோ என்று பார்க்கவேண்டும். வைத்தியர் மருந்தளவை மாற்றவும் கூடும். நான் அங்கே ஒருவரும் இல்லை என்று நியாயம் பேசுவேன். அம்மா பேசமாட்டார். 'அதுகளுக்குச் சாப்பாடு குடுத்து அனுப்பிப்போட்டன். நீங்கள் படுங்கோ' என்பார். ஐயா படுத்துவிடுவார்.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான இடம். யாழ்ப்பாணத்தின் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் குறிப்பிட்டார்கள். கோயில்களிலே ஒருவர் புராணச் செய்யுளை இசையோடு வாசிப்பார்; மற்றவர் பயன் சொல்வார். கச்சியப்ப சிவாசாரியாரின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களை, எழுத்தறியாத சனமும் இவ்விதமாகவே கேட்டறிந்தது. எங்கள் கோயிலில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக வாசித்தவர் ஐயா. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலே தென்மராட்சிக்கு நடந்தபோது, சைக்கிள் கரியரிலே அப்பாச்சியும், அவர் மடியிலே துணியில் சுற்றிய புராணப் புத்தகமும் இருந்தன. அப்போது நான் பள்ளிப் பையன். புத்தகத்தின் பாரத்தைப் பற்றி அப்பாச்சி வழிநெடுகப் புறுபுறுத்தது இன்னும் காதிலே நிற்கிறது.

நோய் அந்தக் குரலைத்தான் முதலிலே தின்றது. இந்நோயாளர் மெதுவாகப் பேசுவர். ஆனால் அவர்கள் காதுக்கு அது சாதாரணக் குரலாகவே கேட்கும். மற்றவர்களுக்குக் காது மந்தம் என்று எண்ணுவர். 1980களில் அமெரிக்காவிலே, உரத்துப் பேசப் பழக்குவதையே சிகிச்சையாக வகுத்தார்கள். லீ சில்வர்மன் என்னும் நோயாளியின் பெயரால் அது வழங்குகிறது. நாங்கள் புராணத்தையே பயிற்சிப் புத்தகமாக்கினோம். தினமும் காலையில் பத்துச் செய்யுள். அம்மா குசினிக்குள் நின்று, 'கேக்கேல்லை' என்று சத்தமிட, ஐயா இன்னும் உரக்க வாசிப்பார்.

2018ஆம் ஆண்டுப் படனம் தொடங்கும் காலத்திலே, இளையவர் ஒருவரை வாசிக்க விடலாம் என்று கோயிலார் மரியாதையோடு சொன்னார்கள். கனடாவிலிருந்து அக்கா, 'அப்பாவை அந்தக் கோலத்திலை ஊருக்கெல்லாம் முன்னாலை இருத்தப்போறியளே?' என்று தொலைபேசியிலே அழுதார். அக்காவின் பேச்சிலும் அன்பு இருந்தது. அவர் பார்க்க விரும்பியது இடப்பெயர்வுக்கு முந்திய அப்பாவை. புறநானூற்று 243ஆம் பாட்டிலே, இளமையில் நீர்த்துறையில் குதித்து விளையாடியவன், இன்று தடியை ஊன்றி உடல் நடுங்க, இருமலுக்கு நடுவே சில சொற்களைப் பேசிக்கொண்டு, அந்த இளமை எங்கே என்று இரங்குகிறான். தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர் பெயரே அவர் பாட்டிலுள்ள தடியிலிருந்து வந்ததுதான். எத்தனை தரம் படிப்பித்தாலும் நெஞ்சைத் தொடும் பாட்டு. ஆனால் அந்தப் பாட்டிலே கிழவனுக்குத் தடி மாத்திரமே துணை. கைபிடிக்க ஓர் ஆள் இல்லை.

அம்மா ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. படனம் மாலை ஏழு மணிக்கு என்றால், ஆறு மணிக் குளிசை ஏழுக்கு நன்றாக வேலைசெய்யும் என்று கணக்குப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் இருக்காமல் ஐயாவின் தோளுக்குப் பின்னாலே வந்து உட்கார்ந்தார். கை ஆடி ஏடு புரளாமல் இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார். ஐயா ஒரேயொரு செய்யுள் வாசித்தார். அதற்கு எவ்வளவு நேரம் சென்றதென்று சொல்லமாட்டேன். பயன் சொல்பவர் ஒவ்வோர் அடிக்கும் காத்திருந்தார், சனமும் காத்திருந்தது. பிறகு இளையவர் வாசித்தார். அதன்பின் மூன்று வருடம் முதற்செய்யுள் ஐயாவுடையதாக இருந்தது. இப்பொழுது அவரால் கோயிலுக்குப் போக இயலாது.

இந்தப் புகழ்ச்சியோடு நிறுத்தினால் அம்மாவுக்கு நான் நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். 2019ஆம் ஆண்டு மார்கழியில், இரவு இரண்டு மணிக்கு ஐயாவைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போன அம்மா தலைசுற்றி விழுந்தார். பிறசர் ஏறியிருந்தது. தன்னுடைய கிளினிக்குக்கு அவர் ஏழு மாதமாகப் போகவில்லை. ஐயாவுக்குரிய ஒரு நாளும் தவறியதில்லை. ஆள் வைப்போம் என்றபோதெல்லாம், 'பிறத்தியார் கையாலை அவர் சாப்பிடமாட்டார்' என்று மறுத்தவர். மருமகள்தான், அதாவது என் மனைவி, கட்டிலடியில் நின்று சொன்னார்: 'மாமி, நீங்கள் விழுந்தா நாங்கள் ரெண்டு பேரைத் தூக்கோணும்.' கடுமையான சொல்தான். எங்கள் சமூகத்திலே இப்படிப் பேசும் மருமகளுக்கு நல்ல பெயர் கிடைக்காது. ஆனால் அம்மா அதற்குத்தான் இணங்கினார்.

பணிவிடை செய்பவரைப் பதிவிரதை என்று உயர்த்தி வைத்தால், பிறகு அவருக்குக் களைப்பு வரக்கூடாது, கோபம் வரக்கூடாது, அழக்கூடாது. அம்மாவுக்கு மூன்றும் வந்தன. ஒருநாள் கோப்பையைச் சுவரிலே எறிந்தார். எறிந்துவிட்டு அந்தத் துண்டுகளைத் தானே கூட்டி அள்ளினார். இதைச் சொல்ல அவரிடம் உத்தரவு பெற்றே இங்கு சொல்கிறேன். 'சொல்லு, மற்றப் பொம்பிளையளும் கேக்கட்டும்' என்றார்.

அதன்பின் வீட்டிலே ஒரு நேரசூசி உண்டு. பாடசாலை நேரசூசி போலவே கோடு கீறி ஒட்டியிருக்கிறேன். வெள்ளி, சனி இரவுகள் என்னுடையவை. அக்கா அனுப்பும் காசிலே, அயலிலுள்ள ஓர் அம்மா காலையில் வந்து குளிக்க வார்க்க உதவுகிறார். அவர் கையால் ஐயா சாப்பிடுகிறார். அக்கா தினமும் பத்து மணிக் குளிசைக்கு தொலைபேசியிலே வந்து, ஐயா வாசிக்கும் செய்யுளைக் கேட்கிறார். குரல் இப்பொழுது காற்றுப்போலத்தான். 'கேக்கேல்லை அப்பா' என்று அவரும் அம்மாவைப் போலவே சத்தமிடப் பழகிவிட்டார். அம்மாவின் கிளினிக் துண்டும் சேலைத் தலைப்பிலே ஐயாவின் துண்டோடு சேர்த்து முடியப்பட்டிருக்கிறது.

வியாழக்கிழமை பின்னேரங்களில் அம்மா சுன்னாகத்திலுள்ள தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவார். ஐயாவைப் பற்றிப் பேசக்கூடாது என்பது சின்னம்மா போட்ட கட்டளை. இருவரும் என்னதான் பேசுகிறார்களோ தெரியாது. அம்மா இரவு பஸ்ஸிலே வந்து இறங்கும்போது வெற்றிலை போட்டுக்கொண்டு வருகிறார்.